கூட்டுத்தொகை சரியாகத்தான் இருந்தது

நான் படித்த துறைக்குப் பெயர் மாற்றப் போகிறார்களாம். தகவல் அறிவியல் என்ற பெயருக்கு இப்போது பிள்ளைகள் வருவதில்லையாம். விழா எடுக்கிறார்கள், மலர் போடுகிறார்கள். அந்த மலருக்கு 'இந்தப் படிப்பு திறந்துவிட்ட வாசல்கள்' என்று ஒரு கட்டுரை வேண்டும் என்று துறைத் தலைவி போனில் கேட்டார். "கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும் மேடம்" என்றும் சொல்லிவைத்தார். வரவழைத்துக்கொண்ட உற்சாகம் எனக்கு எழுத வராது. கண் கோளாறு காரணமாகப் போன ஆண்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன், போடுவதும் போடாததும் அவர்கள் பாடு. என் பெயரைத் தவிர மற்றப் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. சேர்ந்தேன். வேதியியல் கேட்டேன், மதிப்பெண் பற்றவில்லை. புதிதாகத் தொடங்கிய தகவல் அறிவியலில் இடம் இருக்கிறது என்றார்கள். டவுணில் எங்கள் தெருவில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று விளங்கவில்லை. "ஜங்ஷன் ஸ்டேஷன்ல விசாரணை கவுண்டர்ல உக்காருத வேலையா? எந்த ரயில் எப்ப வரும்னு சொல்லுததுக்கு மூணு வருசப் படிப்பா?" என்று சித்தப்பா கேட்டார். எனக்கே தெரியாததால் நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

மூன்று ஆண்டும் ஓடியது எப்படி என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போட்டுப் போகக் கூடாது. வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, தாளில் எழுதிய புரோகிராமை மடியில் வைத்துக்கொண்டு, முறை வரும் வரை குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு செய்தியை எங்கே வைத்தால் வேண்டும்போது எடுக்கலாம், வைத்தது வைத்தபடியே இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, இந்த இரண்டையும்தான் ஆறு பருவத்திலும் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றதெல்லாம் இயந்திரம் மாற மாற மறந்துபோயிற்று.

கூடப் படித்தவர்கள் மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் போனார்கள். என்னை அனுப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. பேட்டைத் தொழிற்பேட்டையில் சிதம்பரம் அண்ணாச்சி என்பவர் கம்ப்யூட்டர் வைத்துக் கணக்கு வேலை எடுத்துச் செய்கிறார், நம் ஆள்தான், போய்ப் பார் என்றார். டவுணிலிருந்து பேட்டைக்கு டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். பெங்களூர் போக வேண்டியவள் பேட்டை போகிறாளே என்று எனக்கே என் மேல் இரக்கமாக இருந்தது.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அட்டைப்பெட்டி செய்யும் கொட்டகைக்கும் லேத் பட்டறைக்கும் நடுவில் ஒரு கூடம், அதற்குள் கண்ணாடி வைத்துத் தடுத்த ஒரு குளிர் அறை. பட்டறையில் லேத்தை ஓட விட்டால் எங்கள் பக்கம் மின்சாரம் தாழ்ந்து இயந்திரம் அணைந்துவிடும், அடித்த அத்தனையும் போய்விடும். அதனால் பட்டறைக்காரர் காசிம் பாய் ஒவ்வொரு முறையும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணாச்சி, ஓட்டட்டுமா?" என்று குரல் கொடுப்பார். நாங்கள் அவசரமாக வேலையைச் சேமித்துக்கொண்டு கை காட்டுவோம். அண்ணாச்சி, "ஓட்டும் வே" என்பார். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கே கிடையாது. அவர்கள் இருவரும் அந்த ஒரு கேள்வி, ஒரு பதிலுக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணாச்சி ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் ஆற்றங்கரையில் வயல் வயலாக இருந்ததாம். அதெல்லாம் கைமாறிப் போனபிறகு படிப்பை நம்பி வந்த குடும்பம். மில்லுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் பயந்து ஒதுங்க, இவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே கற்றுக்கொண்டார். வேலையை விட்டுவிட்டுப் பேட்டையில் தொழில் தொடங்கினார். நெற்றி நிறையத் திருநீறு, அரைக்கைச் சட்டை, பைய வரும் பேச்சு. யாரையும் 'தப்பு' என்று சொல்ல மாட்டார். "இது இங்கன இருக்கணுமாம்மா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி விழுந்த அன்று நமக்குச் சோறு இறங்காது.

மில் வருகைப் பதிவு, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் விவரம் என்று பலதும் வந்தாலும் எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கல்லூரித் தேர்வு முடிவு வேலைதான். அதை அண்ணாச்சி பூசை மாதிரிச் செய்வார். முதலில், வந்த விடைத்தாள் எத்தனை. இரண்டாவது, தேர்வுக்கு வராதவர் எத்தனை. மூன்றாவது, மொத்த மதிப்பெண்ணின் கூட்டுத்தொகை. மூன்றும் கல்லூரி அனுப்பிய கணக்கோடு ஒத்துப் போக வேண்டும். கூட்டுத்தொகையை இயந்திரம் தந்தாலும் ஏற்க மாட்டார். நான் ஒவ்வொரு மதிப்பெண்ணாக வாசிக்க, அவர் கால்குலேட்டரில் தட்டிக்கொண்டே வருவார். "கம்ப்யூட்டருக்குத் தன் முதுகு தெரியாதும்மா" என்பார். மூன்றும் ஒத்துவிட்டால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, "பூட்டியாச்சு" என்பார். பூட்டிய முடிவை அப்புறம் யாரும் தொட முடியாது. கல்லூரிகள் எங்களை நம்பியதே அந்தப் பூட்டுக்காகத்தான்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு ஒரு சின்ன நுணுக்கத்தை விளக்கியாக வேண்டும். விடைத்தாள் யாருடையது என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது. ஆகவே மாணவியின் எண் இருக்கும் பகுதியைக் கல்லூரியில் கிழித்துவிட்டு, தாள் இருந்த வரிசையிலேயே ஒரு மறைஎண் போட்டு அனுப்புவார்கள். திருத்துகிறவர் மறைஎண்ணுக்கு மதிப்பெண் தருவார். எந்த மறைஎண் எந்த மாணவி என்று பொருத்துவது எங்கள் வேலை. ஒவ்வொன்றாக அடித்தால் வேலை நகராது. 'முதல் மாணவி இவள், கடைசி மாணவி இவள், மறைஎண் இதிலிருந்து இது வரை' என்று இரண்டு முனையை மட்டும் கொடுத்தால், நடுவில் உள்ளதை இயந்திரமே வரிசையாகப் பொருத்திக்கொள்ளும்படி அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. நடுவில் யாராவது தேர்வுக்கு வரவில்லை என்றால், அந்த இடத்தில் வரிசையை முறித்து இரண்டு துண்டாகக் கொடுக்க வேண்டும்.

நான் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் படித்த அதே கல்லூரியின், அதே துறையின் இறுதியாண்டு முடிவு எங்களிடம் வந்தது. மூன்றும் ஒத்துப்போயிற்று. பூட்டியாச்சு. கல்லூரியில் ஒட்டியும் ஆயிற்று.

மறுநாள் காலையில் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். பெண் பெயர் வயலட். அப்பா பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியர். வெயிலில் நடந்து வந்த களைப்பிலும் சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார்.

"சார், எம் மக எல்லாப் பேப்பரும் பாஸ். ஒண்ணுல மட்டும் வரவே இல்லன்னு போட்டிருக்கு" என்றார். "நான்தான் அன்னைக்குப் பஸ் ஏத்தி விட்டேன். எழுதிட்டுத்தான் வந்தா."

"நான் எழுதினேன் சார். கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம்" என்றாள் வயலட். அழுது முடித்த முகம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை மதிப்பெண் சான்றோடு போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்றாள். அன்று புதன்கிழமை.

அண்ணாச்சி எழுந்து நின்று அவர்களை உட்காரச் சொன்னார். "சார்வாள், மார்க்கு போடுதது நாங்க இல்ல. வந்ததை அடுக்குதோம், அவ்வளவுதான். தாள் எத்தன, வராதது எத்தன, கூட்டுத்தொகை எவ்வளவு, எல்லாம் ஒத்துப் போயிருக்கு. நீங்க காலேஜ்ல எழுதிக் குடுங்க. முறைப்படி கட்டப் பிரிச்சிப் பாப்பாங்க."

"அதுக்கு ஒரு மாசம் ஆகும்னுட்டாங்க. கம்ப்யூட்டர்ல வந்தது தப்பா இருக்காதுன்னும் சொல்லுதாங்க."

எனக்கு அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தால் பொய்யாகத் தெரியவில்லை. "வேற யாருக்காவது இப்படி ஏதும் மாறி வந்திருக்கா?" என்று கேட்டேன்.

வயலட் வாயைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். "தெரியலக்கா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இருவரும் போய்விட்டார்கள்.

எனக்கு மனம் ஆறவில்லை. "அண்ணாச்சி, கூட்டுத்தொகை ஒத்துப்போனா போட்டது சரின்னுதான் அர்த்தம். போட்ட ஆள் சரின்னு அர்த்தம் இல்லயே. என் மார்க்கை ஒங்களுக்கும் ஒங்க மார்க்கை எனக்கும் போட்டாலும் கூட்டுத்தொகை அதேதான வரும்?" என்றேன்.

"வரும்." அவர் கோபப்படவில்லை. "அப்படி நடந்திருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பிள்ள சொல்லுது."

"ஒரு பிள்ள சொன்னதுக்குத் தொறந்தா, நாளைக்கு ஒம்பது பேரு வந்து நிப்பாங்க. பாஸ்னு ஒட்டினவளை நாளைக்கே ஃபெயில்னு மாத்தி ஒட்டுவியா? பூட்டினதைத் தொறக்கணும்னா காரணம் வேணும்மா. எரக்கம் காரணம் ஆவாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சலாக இருந்தது. அன்று முழுதும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் மதியம், அண்ணாச்சி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இன்னொரு பெண் வந்து வாசலிலேயே நின்றாள். தாவணியை இழுத்து முகத்தில் பாதியை மறைத்திருந்தாள். உள்ளே வரச் சொன்னபிறகு தாவணி விலகியது. கன்னத்திலும் நெற்றியிலும் அம்மை வடு, இன்னும் கறுப்பு ஆறவில்லை.

"அக்கா, எங்க காலேஜ் மார்க்கு இங்கனதான் போடுதாங்களா?"

"அச்சடிக்கோம். என்ன வேணும்?"

"ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர்ல பாஸ்னு வந்துட்டா பாஸ்தானே?"

"எழுதியிருந்தா பாஸ்தான்" என்றேன், விளையாட்டாக.

அவள் சிரிக்கவில்லை. "நான் அந்தப் பரீட்சைக்கே போகலக்கா. அம்மை போட்டிருந்திச்சு. எழுவத்தி நாலுன்னு போட்டிருக்கு."

 பெயர் என்ன என்றேன். இசக்கியம்மாள். எந்தப் பாடம் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆங்கில எழுத்து வரிசையில் இசக்கி முன்னால் வருவாள், வயலட் கடைசியில் வருவாள். வராத இசக்கிக்கு அடுத்தவளின் தாள். அடுத்தவளுக்கு அதற்கடுத்தவளின் தாள். இப்படியே ஒவ்வொருத்தியும் பக்கத்துக்காரியின் மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு வர, கடைசியில் நின்ற வயலட்டுக்கு எடுத்துக்கொள்ளத் தாள் இல்லை. இயந்திரம் அவளை வராதவள் என்று எழுதிவிட்டது. வராதவர் ஒருவர் என்று கல்லூரி சொன்னது, ஒருவர் என்று நாங்களும் சொன்னோம். யார் என்று அவர்கள் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வரிசையை முறிக்க வேண்டிய இடத்தில் முறிக்காமலே பொருத்தியாயிற்று. தாளின் எண்ணிக்கை சரி, வராதவர் எண்ணிக்கை சரி, கூட்டுத்தொகை சரி. ஆள் மட்டும் தப்பு.

இதெல்லாம் எனக்கு விளங்கிவிட்டதே தவிர, எதிரில் நிற்கிற பெண்ணிடம் என்ன சொல்வது என்று விளங்கவில்லை. நான் அவளைத் தூண்டிவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"இசக்கி, நீ சொன்னத நான் காதுல வாங்கட்டுமா, வேண்டாமா? வாங்கினா ஒன் பாஸ் போயிரும். யோசிச்சிச் சொல்லு" என்றேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். சேரன்மகாதேவிக்காரி. அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தவர். அப்பா இல்லை. அந்த ஊரிலேயே ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பட்டம் முடித்திருந்தால் பள்ளி திறந்ததும் வரலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

"அம்மாவுக்குத் தெரியும்க்கா, நான் பரீட்சைக்குப் போகலன்னு. அவதான மஞ்சத் தண்ணி ஊத்துனா. பாஸ்னு வந்ததும் அம்மனே வந்து எழுதிட்டான்னு சொல்லுதா. வீட்டுக்கு வந்த அம்மன் பிள்ளையைக் கைவிடுவாளான்னு கோயில்ல பொங்கல் வச்சி தெரு முழுக்கக் குடுத்துட்டா." சொல்லிவிட்டுத் தாவணியை மறுபடி கன்னத்துக்கு இழுத்துக்கொண்டாள். "எனக்கும் ஒரு நா முழுக்க அப்படித்தான் தோணிச்சு."

"பெறகு?"

"பெறகு வயலட் கதை தெரிஞ்சிச்சு. அவ இங்கன வந்தாள்லா, என்னயப் பத்தி எதும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல."

"அவளுக்குத் தெரியும்க்கா, நான் எழுதலன்னு. மூணு வருசமா ஒரே பெஞ்சு. போர்டுல என் நம்பரையும் பாத்திருக்கா. சொல்லியிருந்தா நானே சண்ட போட்டிருப்பேன். அவ வாயே தொறக்கல. வேலை போனாலும் போகட்டும்னு இருக்கா. அதான் என்னால இருக்க முடியல."

தடுப்புக்குப் பின்னால் கை கழுவும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"பரீட்சை அன்னைக்கு எத்தனாவது தண்ணி?" என்று கேட்டார். அம்மை இறங்க மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் தண்ணீர் ஊற்றும் முன் யாரும் வாசல்படி தாண்ட மாட்டார்கள்.

"மொதத் தண்ணியே ஊத்தல அண்ணாச்சி. மறுநாதான் ஊத்துனாங்க."

"பேசாம இருந்தா ஒனக்கு வேலை உண்டுல்லா?"

"உண்டு."

"பெறகு ஏம்மா வந்து சொல்லுத?"

"வயலட் எழுதினா, நான் எழுதல. அதான்."

அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தனக்கு லாபமா ஒருத்தர் சொன்னா நம்ப யோசிக்கலாம். தனக்கு நட்டமா ஒருத்தி வந்து சொல்லுதா, இதுக்கு மேல என்ன காரணம் வேணும்? செருப்பப் போடு கோமதி, காலேஜுக்குப் போவோம்" என்றார்.

புறப்படும் முன் இசக்கி ஒன்று கேட்டாள். "நான் வந்து சொன்னேன்னு வீட்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம் அண்ணாச்சி. அம்மாவுக்குத் தாங்காது. கம்ப்யூட்டர்ல தப்புன்னே இருக்கட்டும்."

"அது பொய் இல்லயே. எங்க தப்புதான" என்றார் அவர்.

கல்லூரி முதல்வர் அறையில் அண்ணாச்சி உட்காரக்கூட இல்லை. இத்தனை ஆண்டு எதிலும் பிடி கொடுக்காத மனிதர், நின்றபடியே சொன்னார். "எங்க முறையில ஒரு ஓட்டை இருக்கும்மா. கூட்டுத்தொகை சரியா இருந்தா ஆளும் சரியா இருக்கும்னு இத்தன நாளும் நெனச்சிக்கிட்டு இருந்திட்டேன்." அவருடைய பெருமைக்குரிய வழியைப் பற்றி அவரே இப்படிச் சொன்னதைக் கேட்டபோது, முந்தின நாள் நான் முகம் திருப்பிக்கொண்டு இருந்தது நினைவுக்கு வந்து கூச்சமாக இருந்தது.

கட்டைப் பிரித்தார்கள். தேர்வறை வருகைத் தாளில் வயலட்டின் கையெழுத்து இருந்தது, இசக்கியின் இடம் காலியாக இருந்தது. அன்று சாயங்காலமே காசிம் பாயிடம் சொல்லி லேத்தை நிறுத்தி வைத்துவிட்டு, வரிசையை உரிய இடத்தில் முறித்து, எல்லாவற்றையும் மறுபடி பொருத்தினோம். நடுவில் இருந்த பிள்ளைகளுக்கு மதிப்பெண் ஏறி இறங்கியதே தவிர, நல்லவேளை, வேறு யாரும் தோற்கவில்லை. முதலிடம் மட்டும் வேறொருத்திக்குப் போயிற்று. வயலட்டுக்கு எழுபத்தொன்று. மதிப்பெண் சான்றை அண்ணாச்சியே வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் பெங்களூர் ரயில் ஏறிவிட்டாள்.

இசக்கியின் எழுபத்து நான்கை அழித்து அந்த இடத்தில் 'வரவில்லை' என்று அடித்தது நான்தான். ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை. அழுத்தவே மனமில்லாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் இசக்கியின் அம்மா வந்தார். சேரன்மகாதேவியிலிருந்து பஸ் பிடித்து, மகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்றே ஆரம்பித்தார்.

"இங்கன யாரு ஓனரு? நீருதானா? நெத்தி நெறயத் துன்னூறு பூசியிருக்கீரே, அம்மன் குடுத்ததப் பிடுங்க ஒமக்குக் கை எப்படி வந்திச்சு? எம் பிள்ள மேல முத்துப் போட்டு எறங்கிட்டு, அதுக்குக் கூலியா அவ குடுத்த மார்க்குவே அது! கம்ப்யூட்டராம் கம்ப்யூட்டரு! தந்துட்டுப் பறிக்குத சவம்! எம் மவளுக்கு வேலை போச்சு. நீரு நல்லா இருப்பீரா?"

அட்டைப்பெட்டிக் கொட்டகையிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். காசிம் பாய் லேத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார். எனக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது, உங்கள் மகள்தான் வந்து சொன்னாள், அவளைப் போல ஒரு பெண் கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று. இசக்கி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்து, வாசலுக்குப் போய், வெயிலில் அந்த அம்மாவின் எதிரில் நின்றார். நாள்தோறும் பூசை முடிக்காமல் பச்சைத்தண்ணீர் பல்லில் படாதவர். சுற்றி அத்தனை பேர் பார்க்க, "எங்க தப்புதான் தாயி" என்றார். அந்த அம்மா இன்னொரு சுற்று ஏசினார். "எங்க தப்புதான் தாயி" என்றார் மறுபடியும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசி ஏசி அந்த அம்மாவுக்கே களைத்துப்போய், மகள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். அண்ணாச்சி உள்ளே வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "மில்லு வேலை எது வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்று வரை குறையவில்லை.

கல்லூரி அடுத்த ஆண்டு வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அண்ணாச்சி அதற்கு வருத்தப்படவில்லை. மற்றக் கல்லூரிகளின் வேலையில் ஒரு புதுப் பழக்கத்தைச் சேர்த்தார். மூன்றும் ஒத்துப்போன பிறகு, ஒவ்வொரு வரிசையிலும் கடைசிப் பெயரை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போன் போடுவோம். "இந்தப் பிள்ள பரீட்சைக்கு வந்துச்சா?" என்று கேட்போம். சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்பார். நான் பின்னால் ஒரு மருத்துவமனையில் நோயாளிப் பதிவு, அதன் பிறகு ஒரு பத்திரிகையின் பழைய இதழ்களைத் தொகுக்கும் பிரிவு என்று எங்கெங்கோ இருந்தேன். எங்கே போனாலும் கடைசி ஆளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் எதையும் முடித்ததில்லை. கேட்டுப் பார்த்ததில் சில முறை உண்மையாகவே ஆள் மாறியிருந்தது.

இசக்கி அடுத்த தேர்வில் எழுதித் தேறினாள். அதற்குள் பள்ளி வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. இரண்டு ஆண்டு பீடிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதினாள். பிறகு ஒரு வங்கியில் கணினிப் பிரிவுக்குத் தேர்வு எழுதிப் போனாள். இப்போது அங்கே பெரிய பொறுப்பில் இருக்கிறாள். வயலட்டும் அவளும் இன்னமும் வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறார்கள். அண்ணாச்சி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கடைசி வரை அவர் அந்த விஷயத்தை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

சென்ற மாதம் இசக்கியின் அம்மா இறந்துபோனார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. துஷ்டி கேட்கச் சேரன்மகாதேவிக்குப் போயிருந்தேன். ஆட்கள் கலைந்தபிறகு நாங்கள் இருவரும் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். கறுப்பு ஆறிப்போன அம்மை வடு அவள் கன்னத்தில் இப்போது குழியாக மட்டும் தெரிந்தது.

"அம்மா கடைசி வரைக்கும் கம்ப்யூட்டரை நம்பலக்கா" என்றாள் இசக்கி. "நான் அதுலதான் சம்பளம் வாங்குதேன். ரேஷன் கடை ரசீதைக்கூட என்கிட்ட நீட்டி, ஒருக்கா கூட்டிப் பாரு, அது ஏமாத்தும்பா. வீட்டுக்கு யாரு வந்தாலும் அந்தக் கதைதான். அம்மன் குடுத்தா, கம்ப்யூட்டர் பறிச்சிட்டுன்னு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள்.

"நான் சொல்லியிருக்கலாம்லாக்கா? இத்தன வருசத்துல ஒரு நா சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பாங்க?"

இசக்கி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏசியிருப்பா. அம்மன் குடுத்ததத் திருப்பிக் குடுத்திட்டு வந்தியா, அறிவுகெட்டவளேன்னு சாயங்காலம் வரைக்கும் ஏசியிருப்பா. பெறகு, சரி, சாப்பிட வான்னு கூப்பிட்டிருப்பாக்கா."